வீழ்த்தாது விலக்கும் அடி

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, ஒளியைப் பற்றியோ மின்னோட்டத்தைப் பற்றியோ யான் எழுதுவேன் என்றே எண்ணியிருப்பர். பல்லாண்டு காலம் பௌதிகங் கற்பித்தவனிடம் வேறெதனை எதிர்பார்த்தல் கூடும்? ஆயின், சென்ற விடுமுறைக் காலத்தில் என் வீட்டுக் கூடத்தில் நிகழ்ந்த ஒரு சிறு விடயம் என் மனத்தை வேறு வழியிற் செலுத்திவிட்டது. ஆதலின், கற்றறிந்த அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடுமாயினும், பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னிருந்து ஆடும் ஓர் ஆட்டத்தைப் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தேன். ஆட்டத்தின் பெயர் ‘சுப்பர் ஸ்மாஷ் பிறதர்ஸ்’ என்பது. அதில் எதிரியைத் தூரத் தள்ளும் அடிகளின் இயல்பே இக்கட்டுரையின் பொருளாகும்.

நிகழ்ந்தது இதுதான். என் பேரனுக்கு வயது பதினான்கு, பேத்திக்கு எட்டு. இருவரும் ஆடிக்கொண்டிருந்தனர். பேரன் ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆட்டங்களை வென்றான். ஈற்றில் பேத்தி கைக்கருவியைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கினாள். நடுவர் பதவி என் தலைமேல் வந்து விழுந்தது. அவளைத் தேற்றும் பொருட்டு அவளிடத்தில் யானே அமர்ந்தேன். திரையின் அடியில் என் வீரனுக்கு நேராக ஓர் எண் தோன்றியது. அது முப்பது, அறுபது, தொண்ணூறு என உயர்ந்துகொண்டே சென்றது. என் பலம் பெருகுகின்றது என மகிழ்ந்திருந்தேன். பேரன் சிரித்துவிட்டான்.

“அப்பப்பா, அது உங்கட பலமில்லை. நீங்கள் எவ்வளவு அடி வாங்கியிருக்கிறியள் எண்ட கணக்கு. அது கூடக் கூட நீங்கள் தூரப் போய் விழுவியள்” என்றான்.

சொல்லி வாய் மூடுமுன் ஓர் அடி விழுந்தது. என் வீரன் வானத்தை நோக்கிப் பறந்து மறைந்தான். தோற்றதைப் பற்றி எனக்குக் கவலை உண்டாகவில்லை. ஆயின், “கூடக் கூடத் தூரப் போய் விழுவியள்” என்ற அச்சொற்றொடர் என்னுள் உறங்கிக் கிடந்த பௌதிக ஆசிரியனைத் தட்டி எழுப்பிவிட்டது. எவ்வளவு கூட எவ்வளவு தூரம்? எவ்விதிப்படி? அவ்விதியை வகுத்தவர் யாவர்? எதன்பொருட்டு வகுத்தனர்? அன்றுமுதல் சில வாரங்கள் இவற்றைத் தேடி அறிவதிற் கழித்தேன். அறிந்தவற்றுட் சிலவற்றையே மாணவர்க்கும் என்னையொத்த பழையோர்க்கும் இங்கே எடுத்துரைக்கின்றேன்.

முதற்கண் பிற சண்டை ஆட்டங்களின் முறையைக் கூறுதல் வேண்டும். 1991ஆம் ஆண்டில் யப்பானியக் கப்கொம் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ரீற் பைற்றர் 2’ இவ்வகை ஆட்டங்களுக்கு ஓர் இலக்கணமாய் அமைந்தது. அதில் இரு வீரர் எதிரெதிரே நிற்பர். திரையின் மேற்புறத்தில் ஒவ்வொருவர்க்கும் ஒரு நீண்ட கோடு உண்டு. அது அவரது உயிர்ப்பலம். அடி விழுந்தோறும் கோடு குறுகும். முற்றும் அழிந்தால் தோல்வி. எண்ணெய் வற்ற விளக்கு அணைவதைப் போன்றது அது. அத்தகைய ஆட்டத்தில் அடியின் பயன் ஒன்றேயாம். அஃதாவது, எதிரியிடம் உள்ளதைக் குறைப்பது.

சுப்பர் ஸ்மாஷ் பிறதர்ஸ் ஆட்டத்தில் இக்கோடு இல்லை. வீரர் நிற்கும் அரங்கு பெரும்பாலும் வெளியில் மிதக்கும் ஒரு மேடையாக அமைந்திருக்கும். மேடையின் இரு புறமும் வெற்றிடம். மேலும் கீழும் இடமும் வலமுமாக, திரைக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத நான்கு எல்லைகள் உள. அவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கடந்தவனே தோற்றவன். எத்தனை அடி பட்டாலும், எல்லைக்குள் நிற்கும்வரை அவன் ஆட்டத்தில் உள்ளான். வாங்கிய அடியின் அளவு பூச்சியத்திலிருந்து தொடங்கி நூற்றுவீதமாக ஏறும், நூறோடு நிற்பதுமில்லை, 999 வரையும் ஏற இடமுண்டு. அவ்வெண் தானாக எவரையும் தோற்கடிப்பதில்லை. அடுத்த அடி எவ்வளவு தூரத்துக்கு எறியும் என்பதையே அது நிருணயிக்கின்றது. ஆகவே இவ்வாட்டத்தில் அடியின் பயன் எதிரியைக் குறைப்பதன்று; விலக்குவதேயாம்.

வீழ்த்துவதை விட்டு விலக்குவதையே வெற்றியாகக் கொள்ளும் ஆட்டம் யப்பானுக்குப் புதியதன்று. அந்நாட்டின் தொன்மையான சூமோ மற்போரை நினைவுகூர்க. 4.55 மீற்றர் விட்டமுள்ள வட்டத்துள் இரு மல்லர் மோதுவர். உள்ளங்காலையன்றி உடலின் வேறெப்பகுதியாவது நிலத்தைத் தொட்டவன் தோற்பான். வட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவனும் தோற்பான். வெற்றிக்குரியனவாக இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ள 82 முறைகளுள், எதிரியை முன்னின்று தள்ளி வெளியேற்றும் ‘ஒசிதசி’ என்பது அடிக்கடி நிகழும் ஒன்று. சூமோவிலிருந்தே இவ்வாட்டம் பிறந்தது என யான் கூறவில்லை. இரண்டிற்கும் பொதுவான ஓர் உண்மையையே சுட்டுகின்றேன். தள்ளப்பட்டவன் உடல் நலிந்தவன் ஆகவேண்டியதில்லை; அவன் தன் இடத்தை இழந்தவன், அவ்வளவே.

இனி, இவ்விதியை வகுத்தவரைக் காண்போம். அவர் பெயர் மசாகிரோ சக்குராய். 1970ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஹால் என்னும் நிறுவனத்திற் பணியாற்றியபோது, 1992இல் வெளிவந்த ஓர் ஆட்டத்தின் வாயிலாகக் கேர்பி என்னும் உருண்டை வடிவப் பாத்திரத்தைப் படைத்துப் புகழ் பெற்றார். அவர் தம் வாழ்வில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைத் தாமே பலருமறியக் கூறியுள்ளார். ஆட்டக் கூடமொன்றில் அவர் ‘கிங் ஒவ் பைற்றர்ஸ் 95’ என்னும் சண்டை ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் மறுபுறத்திலிருந்து ஒருவர் எதிராட வந்தார். சக்குராய் தாம் கற்ற வித்தையெல்லாங் காட்டி, எதிரிக்குக் கையசைக்கவும் இடங்கொடாது அடித்து வென்றார். பின்னர் எட்டிப் பார்த்தபோது, அங்கே இருந்தோர் அவ்வாட்டத்துக்குப் புதியவரான ஓர் ஆணும் பெண்ணும் எனக் கண்டார். பொழுதுபோக்க வந்த இருவரின் மகிழ்ச்சியைத் தாம் கெடுத்துவிட்டதை எண்ணி வருந்தினார்.

வென்றவன் வருந்திய கதை இது. வருந்தியதோடு நில்லாது, அவர் அதன் காரணத்தையும் ஆராய்ந்தார். அக்காலத்துச் சண்டை ஆட்டங்களில் வல்லோர், அடிகளை ஒரு கோவையாக மனனஞ் செய்து வைத்திருப்பர். முதலடி பட்டுவிட்டால் எஞ்சியவை தாமாகவே தொடரும். அகப்பட்டவன் கோவை முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பதன்றி வேறொன்றுஞ் செய்யவியலாது. ஆட்டத்தில் இருந்தும் அவன் ஆடாதவனாகின்றான். இக்கட்டைக் குலைப்பதற்கு அவர் கண்ட வழியே நூற்றுவீதமும் எறிதலும். பட்ட அடியின் அளவுக்கேற்ப எறியப்படும் தூரம் மாறுமாயின், ஒருமுறை பொருந்திய கோவை மறுமுறை பொருந்தாது. அடிப்பவன் ஒவ்வொரு கணமும் புதிதாகச் சிந்தித்தல் வேண்டும். அடிபட்டவனுக்கோ, விலகிச் சென்ற தூரமே மூச்சு வாங்கும் அவகாசமாகின்றது.

இவ்வெண்ணத்தை முதலிற் செயற்படுத்தியோர் இருவரே. சக்குராய் வடிவமைத்தார்; அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த சற்றோரு இவாட்டா, வார ஈற்று நாட்களில் தாமே அமர்ந்து கணினி நிரலை எழுதினார். அந்த முதல் மாதிரியிற் பெயர் பெற்ற பாத்திரங்கள் எவையும் இல்லை. பின்னரே நின்ரென்டோ நிறுவனத்தின் மாரியோ முதலிய பாத்திரங்கள் புகுத்தப்பட்டன. 1999ஆம் ஆண்டு சனவரியில், பன்னிரண்டு வீரர்களுடன் ஆட்டம் யப்பானில் வெளிவந்தது. இவாட்டா 2002இல் நின்ரென்டோவின் தலைவராகி, 2015இற் காலமானார். ‘மெலே’ எனும் பதிப்பு 2001இலும், ‘புறோல்’ எனும் பதிப்பு 2008இலும் வந்தன. 2014இல் வந்த பதிப்புகளை அடுத்து, 2018இல் வெளியான ‘அல்ற்றிமேற்’ என்பதில் வீரர் தொகை எண்பதையுங் கடந்தது. என் பேரப்பிள்ளைகள் ஆடுவது இப்பதிப்பே.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். மெலே பதிப்பின் உள்ளமைப்பை ஆட்டக்காரர் பலர் நுணுகி ஆராய்ந்து, எறிதலின் சமன்பாட்டை வெளிக்கொணர்ந்துள்ளனர். அடி விழுந்ததும் ஆட்டம் ஓர் எண்ணைக் கணிக்கின்றது. அதனை ‘எறிவளவு’ என்று பெயரிட்டுக்கொள்வோம். அது ஐந்து பொருள்களைச் சார்ந்தது. அவையாவன: அடி விழுந்த பின் எதிரியின் நூற்றுவீதம், அவ்வடியின் வலு, எதிரியின் பாரம், அடிக்குரிய வளர்ச்சிக் கூறு, அடிக்குரிய அடிப்படைக் கூறு என்பன. நூற்றுவீதத்தின் பத்திலொரு பங்கையும், நூற்றுவீதத்தை அடியின் வலுவாற் பெருக்கி இருபதால் வகுத்து வருவதையும் கூட்டுக. அதனைப் பாரத்துக்குரிய காரணியாலும் 1.4 ஆலும் பெருக்கி, 18ஐச் சேர்க்க. வந்ததை வளர்ச்சிக் கூறாற் பெருக்கி அடிப்படைக் கூறைக் கூட்டினால் எறிவளவு கிடைக்கும்.

ஓர் உதாரணத்தாற் காண்போம். பாரம் 100 உடைய வீரன் ஒருவன் மீது, வலு 10, வளர்ச்சிக் கூறு 1, அடிப்படைக் கூறு 20 உடைய ஓர் அடி விழுகின்றது எனக் கொள்க. அடி விழுந்த பின் அவன் நூற்றுவீதம் 20 ஆயின், எறிவளவு 54.8 ஆகும். அதே அடி, நூற்றுவீதம் 100 ஆக உள்ளபோது விழுமாயின், எறிவளவு 122 ஆகும். எறிவளவு ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஆனால் தூரமும் இருமடங்குதானா? இவ்வினாவை யான் வகுப்பிற் கேட்டிருந்தால், முன்வரிசையில் இருப்போர் “ஆம்” என்றும், கடைவரிசையில் இருப்போர் மௌனமாயும் இருந்திருப்பர். இரண்டும் விடையல்ல.

எறியப்பட்டவனின் தொடக்க வேகம், எறிவளவை 0.03ஆற் பெருக்குவதால் வருவது. திரையில் ஒரு செக்கனுக்கு 60 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் அவ்வேகம் 0.051 வீதங் குறைகின்றது. இஃது அமர்முடுகலன்றி வேறென்ன? சீரான அமர்முடுகலுடன் செல்லும் பொருள் ஓய்வதற்குமுன் கடக்குந் தூரம், தொடக்க வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமம் என்பதை ஆறாம் ஏழாம் பாடத்திலேயே கற்றுள்ளோம். விரைந்து செல்லும் துவிச்சக்கரவண்டியின் வேகம் இருமடங்காயின், தடையைப் பிடித்த பின் அது ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதும் அவ்விதியே. ஈர்ப்பை ஒருபுறம் விலக்கிக் கணித்தால், முதலடியில் அவ்வீரன் ஏறத்தாழ 26 கூறு தூரமும், இரண்டாம் அடியில் 131 கூறு தூரமும் செல்வான். அஃதாவது ஐந்து மடங்கு. நூற்றுவீதம் ஏறிய பின் ஒரே அடி திடீரென அத்துணைப் பெரிதாய்த் தோன்றுவதன் காரணம் இதுவே. என் வீரன் வானிற் பறந்ததும் இவ்வர்க்க விதியின்படியே என அறிந்து, யான் ஒருவாறு ஆறுதலடைந்தேன்.

எறிவளவு இன்னொன்றையும் நிருணயிக்கின்றது. அடிபட்டவன் சிறிது நேரம் எச்செயலுஞ் செய்யவியலாது தடுமாறுவான். எறிவளவின் பத்தில் நான்கு பங்கே அத்தடுமாற்றத்தின் படத்தொகை. மேற்கூறிய உதாரணத்தில், முதலடிக்கு 21 படம். இரண்டாவதற்கு 48 படம். செக்கனிற் கூறின், ஒன்று மூன்றிலொரு பங்கு. மற்றது ஐந்தில் நான்கு பங்கு. எவ்வளவு பெரிய அடியாயினும், அத்தடுமாற்றம் நீங்கியதும் அடிபட்டவன் மீண்டும் தன் கைக்குத் தானே உரியவனாகின்றான். காற்றில் மறுமுறை துள்ளலாம். தனக்குரிய ஏறு வித்தையைப் பயன்படுத்தலாம். மேடையின் விளிம்பைக் கையாற் பற்றித் தொங்கி மேலேறலாம். இவ்வாட்டத்தின் பாதி, எறிவதிலன்று, எறியப்பட்டவன் மீண்டு வருவதிலேயே உள்ளது.

பாரத்தைப் பற்றியுங் கூறவேண்டும். மெலே பதிப்பில் மாரியோவின் பாரம் 100. ஆமையோடு கூடிய பேருருவனான பௌசரின் பாரம் 117. சின்னஞ்சிறு பிச்சுவின் பாரம் 55. பாரத்தோடு நூற்றைக் கூட்டி, அத்தொகையால் இருநூற்றை வகுத்தால் வருவதே பாரத்துக்குரிய காரணி. முன்னர்க் கூறிய அடியை, நூற்றுவீதம் 100 இல், இவ்விருவர்க்கும் கொடுத்துப் பார்த்தால், பௌசரைக் காட்டிலும் பிச்சு ஒன்றரை மடங்குக்குஞ் சற்று மேலான தூரம் செல்லும். பாரங் கூடியவன் எளிதில் அசையான் என்பது உலகியலே. ஆயின், பேருருவனை அடிப்பது எளிது. அவன் வீழ்ந்தால் மீண்டேறுவது அரிது. கேர்பியோ இலேசானது, அதிக தூரம் எறியப்படும். எனினும் காற்றிலேயே பலமுறை துள்ளித் துள்ளி அது மேடைக்கு மீளவல்லது. தூரப் போவோனுக்குத் திரும்பி வரும் வழியையும் சேர்த்தே கொடுத்துள்ளனர்.

எறிதலின் திசையும் அடிக்கடி ஒவ்வொன்றாக வரையறுக்கப்பட்டுள்ளது. சில அடிகள் மேல்நோக்கி எறியும். சில பக்கவாட்டில் எறியும். சில நேரே கீழ்நோக்கி வீழ்த்தும். இங்கேதான் யான் மிகவும் வியந்த விடயம் ஒன்றுண்டு. எறியப்படுபவன், புறப்படும் அக்கணத்தில், தன் திசைக்கோலைச் சாய்த்து எறிகோணத்தைச் சிறிது மாற்றலாம். மெலே பதிப்பில் அம்மாற்றம் 18 பாகை வரை செல்லும். எத்திசையிற் சாய்த்தால் அதிக பயன் கிட்டும்? தள்ளும் திசைக்கு நேரெதிராகச் சாய்ப்பதே நன்று என்று யாவரும் எண்ணுவோம். பேத்தியும் அவ்வாறே செய்துகொண்டிருந்தாள். ஆயின், நேரெதிரே சாய்த்தாற் கோணம் சிறிதும் மாறாது. எறியும் திசைக்குச் செங்குத்தாகச் சாய்த்தபோதே முழுப் பயனுங் கிட்டும். பக்கவாட்டில் எறியப்பட்டவன் மேல்நோக்கிச் சாய்ப்பானாயின், அவன் பாதை திரையின் மூலையை நோக்கித் திரும்பும். எல்லையைத் தொட இப்பொழுது அவன் நெடுந்தூரஞ் செல்லவேண்டும், அதற்குள் வேகந் தணிந்துவிடும், அவன் பிழைத்துக்கொள்வான். பெருவிசையை எதிர்த்து நிற்றல் இயலாதபோது, அதன் திசையைச் சற்றே திருப்புதல் இயலும் என்பது இதன் பொருள்.

நூற்றுவீதத்துக்குக் கட்டுப்படாத அடிகளும் உள. மெலே பதிப்பில் பொக்ஸ் என்னும் நரி வீரன், ஒளிக் கேடயம் ஒன்றை ஒரு கணம் விரிப்பான். அது தொட்டவனை எப்பொழுதும் ஒரே நிலையான எறிவளவோடு பக்கவாட்டிற் தள்ளும். பட்ட அடி பூச்சியமாயினும் முந்நூறாயினும் அத்தள்ளல் மாறாது. நடுமேடையில் அது சிறு செயல். மேடைக்கு வெளியே, மீண்டு வரத் தவிப்பவன் மீது அதுவே பேரிடர். புறோல் பதிப்பு முதலாக மாரியோ முதுகிற் சுமக்கும் நீர்ப்பொறி அதனினும் விந்தையானது. 2002ஆம் ஆண்டு வந்த வேறோர் ஆட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட அப்பொறி, நீரைப் பீச்சி எதிரியைத் தள்ளும். ஆனால் நூற்றுவீதம் ஒன்றேனும் ஏறாது. துன்பஞ் செய்யாத தள்ளல் அது. ஆயினும், விளிம்பை எட்டிப்பிடிக்கக் கைநீட்டும் ஒருவனை அந்நீர் ஒரு முழந் தள்ளினாற் போதும். அவன் கீழே போய்விடுவான். 1999ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே, கேர்பிக்குரிய அரங்கில் நிற்கும் முதுமரமொன்று காற்றை ஊதி வீரரைத் தள்ளும். பேரடி எப்பொழுதும் பெருந்தீங்கன்று. சிறு தள்ளல் எப்பொழுதும் சிறு தீங்குமன்று. எவ்விடத்தில், எந்நேரத்தில் தள்ளுகின்றோம் என்பதே அதன் அளவை நிருணயிக்கின்றது.

2014ஆம் ஆண்டுப் பதிப்புகளிற் புதிய விதியொன்று சேர்ந்தது. 2018ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அது நிலைத்தது. தன் நூற்றுவீதம் 35ஐக் கடந்தவன் கொடுக்கும் அடிகள், எதிரியைச் சிறிது சிறிதாக மிகுந்த தூரத்துக்கு எறியத் தொடங்கும். 150 வரை அவ்வலிமை ஏறிச்செல்லும். மிகுதியாக அடிபட்டவனே மிகுதியாக எறிய வல்லவனாகின்றான். பின்தங்கியவனுக்குக் கொடுத்த ஒரு கைத்தடி எனலாம்.

இத்துணையுங் கூறிய பின், ஓர் உண்மையை மறைத்தல் முறையன்று. விதி நல்லதாயினும், அதனை வைத்து ஆடுவோர் மனிதர். மெலே பதிப்பு மிகுந்த விரைவுடையது. சில ஆண்டுகளுள் வல்லோர் அதிலும் கணந்தோறும் கைவிரல்களை இயக்கும் நுட்பங்களைக் கண்டு, எறியப்பட்டவனைத் துரத்திச் சென்று மீண்டும் மீண்டும் அடிக்கப் பழகினர். புதியவனுக்காக வகுத்த ஆட்டத்தில் புதியவனுக்கு இடஞ் சுருங்கிற்று. புறோல் பதிப்பில் ஆட்டத்தின் வேகந் தணிக்கப்பட்டது. மெலேயில் ஊறியவர் பலர் அதனை விரும்பாது, பழைய பதிப்பையே பழைய பெட்டிகளில் தொடர்ந்து ஆடினர். அவர்களைக் குறை கூறுதல் எளிது. ஆயின், உயர்ந்த வித்தையை நாடுவதும் மனித இயல்பே. அவ்வாட்டக்காரர் 2013ஆம் ஆண்டில், மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென 94,000 டொலருக்கு மேற் சேர்த்துக் கொடுத்து, ‘ஈவோ’ எனும் பெரும் போட்டியில் தம் ஆட்டத்துக்கு இடம் பெற்றனர் என்பதையும் சொல்லவேண்டும். வல்லோனுக்கும் புதியவனுக்கும் ஒரே மேடையில் இடமளிப்பது எவ்வாறு என்ற வினாவுக்கு ஒரு பதிப்பில் முடிந்த விடை கிடைத்துவிடவில்லை. அவ்வினா வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் நாம் நாள்தோறும் காண்பதே.

என் வீட்டுக் கூடத்துக்குத் திரும்புகின்றேன். ஒருநாள் மாலை, திசைக்கோலைச் செங்குத்தாகச் சாய்க்கும் முறையைப் பேத்திக்குக் கற்பித்தேன். கடுதாசியிற் கோணங்களை வரைந்து காட்டினேன். அவள் கேர்பியைத் தெரிந்தெடுத்தாள். பேரனுக்கோ, சக்குராய் வருந்திய கதையை மட்டுஞ் சொன்னேன். அறிவுரை யாதுங் கூறவில்லை. மறுநாள் இருவரும் ஆடினர். கேர்பி தூர எறியப்பட்டது, மூலையை நோக்கிச் சென்றது, பிழைத்தது, துள்ளித் துள்ளி விளிம்பை நோக்கி வந்தது. வழக்கமாக அவ்விடத்தில் நின்று அதனை மீண்டுந் தள்ளிவிடும் பேரன், அன்று இரண்டடி பின்வாங்கி நின்றான். கதை பலித்தது என்று யான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

ஆனால் பேத்தி சினந்தாள். “அண்ணா, விட்டுத் தராதை! ஒழுங்கா அடி!” என்றாள்.

அவன் அடித்தான். அவள் தோற்றாள், ஆயினும் அழவில்லை, கைக்கருவியைக் கீழே போடவுமில்லை. “திரும்பவும்” என்றாள். அவள் வேண்டியது அண்ணனின் இரக்கமன்று என்பது அப்பொழுதே எனக்குப் புலனாயிற்று. எறியப்பட்ட பின்னும் தன்னாற் செய்யக்கூடியது ஒன்று உண்டு என்ற நம்பிக்கையே அவளுக்கு வேண்டியிருந்தது. முன்னர் அவள் அழுதது தோற்றதற்காகவன்று; தோற்கும்போது தன் கையில் ஒன்றுமில்லையே என்பதற்காக. சக்குராய் அன்று ஆட்டக் கூடத்தில் எட்டிப் பார்த்துக் கண்ட குறையும் அதுவே போலும்.

வல்லோனின் கையைக் கட்டுவதால் ஆட்டம் நேர்மையடைவதில்லை. தள்ளப்பட்டவனுக்குத் திரும்பி ஏற ஒரு வழியும், அவ்வழியைக் கற்பதற்கு ஓர் ஆசிரியனும் இருந்தாற் போதும். நாற்பது மாணவரை ஒரே வகுப்பில் வைத்துக் கற்பித்த காலத்தில், முன்வரிசையின் விடையைக் கேட்டு மகிழ்ந்து, கடைவரிசையின் மௌனத்தைக் கடந்து சென்ற நாட்கள் எனக்குப் பல உண்டு. அவர்களுட் சிலரும் இம்மலரைப் படித்தல் கூடும். படிப்பாராயின், திசைக்கோலை எப்பக்கஞ் சாய்ப்பது என்று அன்று யான் சொல்லித் தராத பிழையைப் பொறுப்பார்களாக. இன்று அவ்வகுப்புக்களில் நிற்கும் இளம் ஆசிரியர்க்கு யான் சொல்லக்கூடியதும் இவ்வளவே: விடை கூறாதிருக்கும் அவ்வரிசைக்கும் ஒருமுறை நடந்து செல்லுங்கள்.